எட்டுக்கால் வளையானாலும் தனி வளை

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. தீசிஸ் எழுதிட்டு இருந்தேன்னு பொய் சொல்ல மாட்டேன். மண்ணு பிசைஞ்சிட்டு இருந்தேன். ஞாயித்துக்கிழமை பதிவுன்னா இங்க வழக்கமா சமையல், மழை, சூப்பர்வைசர் இந்த மூணுல ஒண்ணுதான் ஓடும். இந்த வாரம் மட்டும் ஒரு எட்டுக்கால் பூச்சிக்கு வீடு கட்டின கதை. பூச்சின்னாலே அலறுற மக்கள் இப்பவே அப்பீட் ஆயிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்த ஸ்பெயின்காரப் பையன் படிப்பு முடிஞ்சு ஊருக்குக் கிளம்பிட்டான். அவன்கிட்ட ஒரு டாரன்டுலா இருந்துச்சு. விமானத்துல கொண்டு போக முடியாது, கடைக்காரங்க திரும்ப எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க. கடைசியில என் கதவத் தட்டி, "நீதான் மண்ணைப் பத்திப் படிக்கறவளாச்சே, நீயே வெச்சுக்கோ"ன்னான். நான் படிக்கறது சிவில்ல மண்ணியல், ஜியோடெக்னிக்கல். அணைக்கட்டு, சரிவு, அஸ்திவாரம் இந்த மாதிரி சமாச்சாரம். அதுக்கும் எட்டுக்கால் பூச்சிக்கும் என்னடா சம்பந்தம்னு அன்னைக்கு சிரிச்சேன். ஆனா சம்பந்தம் இருக்கு, நிறையவே இருக்கு. அதான் இந்தப் பதிவு.

ஆளைப் பத்தி முதல்ல. இங்கிலீஷ்ல கோபால்ட் ப்ளூன்னு சொல்ற ரகம். தாய்லாந்து, மியான்மர் பக்கத்து ஆள். காலை விரிச்சு வெச்சா சுமார் 13 செ.மீ. வரும். 1996-ல் தான் இதுக்கு அறிவியல் பேர் வெச்சாங்க, ஹாப்லோபெல்மா லிவிடம்னு. பிறகு சிரியோபாகோபஸ்னு பேரினத்தை மாத்தினாங்க. பழைய புத்தகம் ஒண்ணு சொல்லும், கடையில ஒட்டின லேபிள் இன்னொண்ணு சொல்லும், ரெண்டும் ஒரே ஆள்தான். நான் வெச்ச பேர் நீலாம்பரி. நீலக் கலர், கோவக்காரி, வேற என்ன பேர் வைக்கறது?

அந்த நீலம் சாயம் இல்ல. முடியில இருக்கற நுண்ணிய அடுக்குகள் வெளிச்சத்தைச் சிதறடிக்கறதால தெரியற நீலம். டாரன்டுலா குடும்பத்துல இந்த நீலம் குறைஞ்சது 8 தடவை தனித்தனியா தோணியிருக்குன்னு 2015-ல் ஒரு ஆய்வு வந்துச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, இவ்வளவு அழகா இருக்கற ஜீவன் வாழ்க்கை முழுக்க இருட்டுப் பொந்துக்குள்ள உக்காந்திருக்கும். ராத்திரி வாசலுக்கு வரும், ஏதாவது பூச்சி போனா லபக். அவ்வளவுதான் வெளியுலகத் தொடர்பு. நம்ம பிஎச்டி ஆளுங்க மாதிரி.

இப்ப பிரச்சனைக்கு வருவோம். அந்தப் பையன் கடையில சொன்னதை நம்பி வெச்சிருந்த வீடு இப்படி: 45 செ.மீ. உயரமான கண்ணாடித் தொட்டி, முன்பக்கம் கதவு. அடியில 5 செ.மீ.க்கு பொலபொலன்னு தேங்காய் நார்த்தூள். ஒரு பிளாஸ்டிக் மண்டையோடு. தொட்டிக்கு அடியில சூடு குடுக்கற பாய். நீலாம்பரி ராப்பகலா கண்ணாடி மேல ஏறி ஏறி சுத்திட்டு இருப்பா. மூடியத் தொட்டாலே முன்னங்காலைத் தூக்கி, விஷப்பல்லைக் காட்டி நிப்பா. இந்த ரகத்துக்கு வளக்கறவங்க மத்தியில இருக்கற பேரே "சாத்தான்"தான். பயங்கர ஆக்ரோஷம், பாத்தாலே பாயும், ஆரம்பக்காரங்க தொடாதீங்கன்னு எல்லா இடத்துலயும் எழுதி வெச்சிருப்பாங்க.

எனக்கு அப்படித் தோணல. ஒருத்தரோட வீட்டை இடிச்சுட்டு, நடுத்தெருவுல நிக்க வெச்சு, மேல இருந்து டார்ச் அடிச்சா யாரா இருந்தாலும் காலைத் தூக்கத்தான் செய்வாங்க. இந்த ஜாதி சிலந்திக்கு தப்பிக்கற வழி ஒண்ணே ஒண்ணு: வளைக்குள்ள ஓடறது. வளையே இல்லாதப்ப மிச்சம் இருக்கறது சண்டைதான். எலி வளையானாலும் தனி வளை வேணும்னு சும்மாவா சொன்னாங்க.

அப்ப ஏன் அவளே தோண்டிக்கலன்னு கேப்பீங்க. தோண்டினா நிக்கணுமே! அஞ்சு செ.மீ. நார்த்தூள்ல என்னத்தைத் தோண்டறது. அங்கதான் நம்ம சப்ஜெக்ட் உள்ள வருது.

கடற்கரையில மணல் வீடு கட்டியிருப்பீங்க. காஞ்ச மணல்ல கட்டினா சரியும். கொஞ்சம் ஈரம் இருந்தா சுவர் செங்குத்தா நிக்கும். அலை வந்து நனைச்சா மறுபடி சரியும். மணலுக்குன்னு சொந்தமா ஒட்டும் குணம் கிடையாது. மணிகளுக்கு நடுவுல இருக்கற கொஞ்சூண்டு தண்ணி இழுத்துப் பிடிக்கறதால மட்டும் நிக்குது. களிமண் வேற மாதிரி, அதுக்கு ஒட்டு இருக்கு. காஞ்சாலும் கல்லு மாதிரி நிக்கும். ஆனா களிமண்லயும் ஜாதி உண்டு. நம்ம கரிசல் மண் மாதிரி மான்ட்மோரில்லனைட் அதிகமா இருந்தா தண்ணி பட்டா ஊதும், காஞ்சா பாளம் பாளமா வெடிக்கும். செம்மண்ணுல அதிகம் இருக்கற கயோலினைட் அவ்வளவு ஆட்டம் போடாது. சிலந்திக்கு வேண்டியது ரெண்டுக்கும் நடுவுல: தோண்டறதுக்கு இளக்கமா, தோண்டின பிறகு கூரை விழாத மாதிரி இறுக்கமா.

தேங்காய் நார்த்தூள் விஷயத்துல எனக்குக் கொஞ்சம் சொந்தப் பாசம் உண்டு. இங்க கடையில 650 கிராம் செங்கல்லா விக்கறாங்க. வாளியில தண்ணி ஊத்திப் போட்டா 8, 9 லிட்டர் மண்ணா பொங்கி நிக்கும். நான் வாங்கினதுல பாத்தா இந்தியாவுல செஞ்சதுன்னு போட்டிருந்துச்சு. எங்க மாமா ஊரு பொள்ளாச்சி பக்கம். மட்டை மில்லுல நார் அடிச்ச பிறகு மிஞ்சற பித்து மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும். சின்ன வயசுல அதுல ஏறி சறுக்கி விளையாடி, அரிப்போட வீட்டுக்கு வந்து திட்டு வாங்கினவ நான். ஒரு காலத்துல தள்ளுனா போதும்னு இருந்த குப்பை. இப்ப களத்துல காய வெச்சு, கழுவி உப்பை எடுத்து, செங்கல்லா அமுக்கி, உலகம் பூரா தோட்டத்துக்குப் போகுது. கழுவினதா கழுவாததான்னு பாத்துத்தான் விலையே.

பாசம் இருந்தாலும் உண்மையச் சொல்லணும். வளை தோண்டற சிலந்திக்கு வெறும் நார்த்தூள் மட்டும் போட்டா ஆகாது. தண்ணிய நல்லாப் பிடிக்கும், சீக்கிரம் கெட்டுப் போகாது, எடை இல்ல, எல்லாம் சரி. ஆனா காஞ்சா பஞ்சு. சுரங்கம் நிக்காது. ஈரமா வெச்சு நல்லா அமுக்கினா ஓரளவு நிக்கும், மேல்பக்கம் காஞ்சதும் வாசல் பொலபொலன்னு உள்ள விழும். அதனால கலவையில ஒரு பங்கு, அவ்வளவுதான்.

எண்பதுகள், தொண்ணூறுகள்ல வந்த வளர்ப்புப் புத்தகங்கள்ல வெர்மிகுலைட்டைத்தான் சிபாரிசு பண்ணியிருப்பாங்க. அது சுட்டுப் பொரிச்ச அபிரகம், பொரி மாதிரி லேசு. ஈரம் பிடிக்கும், ஆனா பொரி மூட்டைக்குள்ள யாராவது சுரங்கம் தோண்ட முடியுமா? பீட் நல்லாவே நிக்கும், பல வருஷமா இங்கத்தவங்க அதைத்தான் போட்டாங்க. ஆனா சதுப்பு நிலத்துல ஒரு மில்லிமீட்டர் பீட் சேரவே சுமாரா ஒரு வருஷம் ஆகும். ஒரு பூச்சித் தொட்டிக்காக அத்தனை வருஷத்தை வெட்டி எடுக்க எனக்கு மனசு வரல. வெறும் மணல் வேண்டவே வேண்டாம். கூழாங்கல் போட்டா அழகா இருக்கும், பூச்சிக்குத்தான் ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. பைன், செடார் மரச்சீவல் பக்கமே போகாதீங்க, அதுல இருக்கற வாசனை எண்ணெய் இதுகளுக்கு ஆகாது.

நான் போட்ட கணக்கு இது: தோட்டக் கடையில கிடைக்கற டாப்சாயில் 5 பங்கு, நார்த்தூள் 3 பங்கு, களிமண் தூள் 1, குழந்தைங்க விளையாடற கழுவின மணல் 1. டாப்சாயில் வாங்கறப்ப பை மேல எழுதியிருக்கறதை முழுசாப் படிங்க. உரம் கலந்தது, பூச்சி மருந்து கலந்தது, வெள்ளை வெள்ளையா பெர்லைட் போட்டது எதுவும் வேண்டாம். 'பல்பயன் கம்போஸ்ட்'னு விக்கறது டாப்சாயில் கிடையாது. களிமண்ணை ஒரு பங்குக்கு மேல ஏத்தாதீங்க. பென்டனைட்டா இருந்தா கரிசக்காட்டு வெடிப்பை வீட்டுக்குள்ளயே பாக்கலாம். வெளிய பார்க்குல இருந்து ஓசி மண்ணு அள்ளறவங்களும் இருக்காங்க. அங்க என்ன மருந்து தெளிச்சாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்? நான் அந்த வேலைக்குப் போகல.

இனி முக்கியமான கட்டம், பதம். 1933-ல் ப்ராக்டர்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர், மண் அணை கட்டறதுக்காக ஒரு விஷயத்தை அளந்து எழுதி வெச்சார். மண்ணை இடிச்சு இறுக்கறப்ப, தண்ணி கூடக் கூட நல்லா இறுகும். ஒரு புள்ளிக்கு மேல போனா தண்ணியே இடத்தைப் பிடிச்சுக்கும், மறுபடி இளகிடும். அந்தப் புள்ளிதான் உகந்த ஈரம். சிவில் படிச்ச எல்லாரும் லேப்ல அந்தச் சோதனையப் பண்ணி, சுத்தியலைக் கால்ல போட்டுக்கிட்டிருப்போம். அணைக்குச் சரியா இருக்கறது வளைக்கும் சரிதான்.

ஆனா இதுக்கு லேப் வேண்டியதில்ல, எங்க அம்மா போதும். புட்டு மாவு பதம். கையில அள்ளிப் பிடிச்சா பிடிபடணும். விரலால ஒரு தட்டு தட்டினா ரெண்டா உடையணும். பிழிஞ்சா விரல் இடுக்குல தண்ணி வரக்கூடாது. வந்தா அது கொழுக்கட்டைக்குப் போயிடுச்சுன்னு அர்த்தம், பேப்பர்ல பரப்பி ஒரு நாள் ஆற விடுங்க. பிடிக்கவே மாட்டேங்குதுன்னா கைத்தெளிப்பா இன்னும் கொஞ்சம் தண்ணி. போன்ல அம்மாகிட்ட "புட்டு மாவுக்கு எவ்வளவு தண்ணி தெளிப்ப"ன்னு கேட்டேன். "ஏங்கண்ணு, நோம்பி கும்பிடறயா?"ன்னு சந்தோஷமா கேட்டாங்க. விஷயத்தைச் சொன்னதும் ரெண்டு நிமிஷம் சத்தமே இல்ல. பிறகு, "அதுக்கு என்ன கண்ணு போடுவ திங்க?" கரப்பான்னு சொன்னேன். "கரப்பான காசு குடுத்தா வாங்கற?" இன்னும் சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் இதை ஒரு செய்தியா சொல்லிட்டு இருக்காங்களாம்.

வீடு: பழைய தொட்டி ஆகல. முன்பக்கம் கதவு வெச்ச தொட்டியில கதவோட கீழ்ச்சட்டம் வரைக்கும்தான் மண்ணு நிக்கும், அது ஒரு சாண் கூட வராது. அதனால யாரோ வித்த பழைய மீன் தொட்டி ஒண்ணு வாங்கினேன். 30-க்கு 30, உயரம் 35 செ.மீ. மேல மட்டும் திறப்பு. அதுல 25 செ.மீ.க்கு மண்ணு, மேல 10 செ.மீ. காலி. காலி இடம் ஏன் இவ்வளவு கம்மின்னு கேட்டீங்கன்னா, இது மரத்துல ஏறற ரகம் இல்ல. வயிறு கனமான ஜீவன். உயரத்துல இருந்து விழுந்தா வயிறு கிழிஞ்சு செத்துப் போகும். உயரமான தொட்டி, கம்மியான மண்ணுங்கறது ரெண்டு பக்கமும் தப்பு. தோண்ட இடம் இல்ல, விழ மட்டும் இடம் இருக்கு. கடைகள்ல இன்னமும் அப்படித்தான் வெச்சு விக்கறாங்க, ஏன்னா அதுலதான் பூச்சி கண்ணுக்குத் தெரியும்.

ஒரு கணக்கு: 30 x 30 x 25 செ.மீ.ன்னா 22.5 லிட்டர். ஈரமா இறுக்கின இந்தக் கலவை லிட்டருக்கு ஒண்ணே கால் கிலோவுக்கு மேல வரும். ஆக மொத்தம் 30 கிலோ பக்கம். வைக்கப் போற இடத்துலயே வெச்சு நிரப்புங்க. நிரப்பிட்டுத் தூக்கறது நடக்காது, தூக்கினாலும் அடிக்கண்ணாடி தாங்காது. வாடகை வீட்டு அலமாரி மேல நிச்சயம் வேண்டாம்.

மண்ணை மொத்தமா கொட்டி மேல ஒரு அமுக்கு அமுக்கினா மேல் ரெண்டு விரக்கடை மட்டும்தான் இறுகும், அடியில பொலபொலன்னு அப்படியே கிடக்கும். அணையிலயும் அடுக்கு அடுக்காத்தான் இறுக்குவாங்க. நான் 5 செ.மீ. போட்டு இறுக்கி, மேல்பரப்பைக் கொஞ்சம் கீறி விட்டு, அடுத்த 5 செ.மீ. கீறலேன்னா ரெண்டு அடுக்கும் ஒட்டாது. இறுக்கறதுக்கு எவர்சில்வர் டம்ளர். அடிப்பக்கம் தட்டையா, கைக்கு அடக்கமா, அதை விட நல்ல கருவி கிடைக்கல. நாலாவது அடுக்கு வர்றப்ப ஒரு மூலையில சப்பாத்திக் கட்டையச் சாய்வா நிறுத்தி, சுத்தி மண்ணைப் போட்டு இறுக்கி, கடைசியில மெதுவா திருகி உருவினேன். கண்ணாடியை ஒட்டி, 45 டிகிரி சாய்வுல, 12 செ.மீ. ஆழத்துல ஒரு ஓட்டை. இதுதான் கால்கோள். மிச்சத்தை அவளே பாத்துப்பா. வாசல் மேல ஒரு கார்க் மரப்பட்டை. எதிர் மூலையில, மண்ணுக்கடியில அடி வரைக்கும் போற மாதிரி ஒரு மெல்லிசான பிளாஸ்டிக் குழாய் நட்டு வெச்சேன்.

அந்தக் குழாய் எதுக்குன்னா, தண்ணிக்கு. மேல ஸ்ப்ரே அடிக்கற பழக்கம் எல்லார்கிட்டயும் இருக்கு. மேல் மண்ணு நனையும், பூஞ்சை பிடிக்கும், ரெண்டு நாள்ல காயும், அடியில ஒரு சொட்டு இறங்காது. காட்டுல எப்படி இருக்கும்? மேல வெயில்ல காஞ்சு கிடக்கும், கீழ போகப் போக ஈரம். மழைக்காட்டு ஆளான இவளுக்கு ஈரம் வேணும், ஆனா அடியில வேணும். குழாய் வழியா மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை ஒரு டம்ளர் தண்ணி ஊத்தினா அடி மண்ணு கறுப்பா ஈரமா நிக்கும், மேல காஞ்சு சுத்தமா இருக்கும். எந்த ஆழத்துல உக்காந்தா சுகம்னு அவளே முடிவு பண்ணிப்பா.

பாலைவன ரகங்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அரிசோனாவுல இருக்கற அஃபோனோபெல்மா சால்கோடெஸ் மாதிரி ஆளுங்களுக்கு நார்த்தூளைக் குறைச்சு மணலையும் களிமண்ணையும் ஏத்தணும். பலர் குழம்பற இடம் இதுதான். பாலைவனத்து ஆள்னா காஞ்ச மண்ணுன்னு நினைச்சுக் காஞ்ச மண்ணையே கொட்டுவாங்க. கட்டறப்ப எல்லா மண்ணும் ஈரமாத்தான் இருக்கணும், இல்லேன்னா இறுகாது. ஈரமா இறுக்கி, ஓட்டை போட்டு, பிறகு ரெண்டு மூணு வாரம் காய விடணும். காஞ்சதும் சுட்ட செங்கல் மாதிரி நிக்கும். அப்புறம் ஒரு தண்ணிக் கிண்ணம் போதும்.

சூட்டுப் பாய் சமாச்சாரம் மட்டும் கொஞ்சம் காரமா சொல்லணும். தொட்டிக்கு அடியில சூடு வைக்கறதுங்கறது வளைச் சிலந்திக்குக் கொடுமை. கோடிக்கணக்கான வருஷமா அதோட உடம்புல எழுதியிருக்கறது ஒண்ணுதான்: சூடா இருந்தா கீழ போ, கீழ குளிரும். நாம அடியில அடுப்பை வெச்சா, சுடச்சுட இன்னும் கீழ தோண்டிட்டுப் போகும். அடுப்பு மேலயே போய் உக்காரும். ஈரமும் அடியில இருந்துதான் முதல்ல காயும். நீலாம்பரி ராப்பகலா கண்ணாடியில ஏறினதுக்கு இதுவும் ஒரு காரணம்னுதான் நினைக்கறேன். இப்ப பாயைப் பக்கவாட்டுச் சுவர்ல, மண்மட்டத்துக்கு மேல ஒட்டி, தெர்மோஸ்டாட் மாட்டியிருக்கேன். இந்த ஊர் ஜனவரிக்கு மட்டும் வேணும். மத்தபடி மனுஷங்களுக்கு ஸ்வெட்டர் தேவைப்படாத சூடு இருந்தா அவளுக்கும் போதும்.

மூடிக்கு வலை போட்டது வேண்டாம். பாதத்து நகம் கம்பி வலையில மாட்டிக்கும், உதறறப்ப காலே போயிடும். அக்ரிலிக் தகடு வெட்டி 3 மி.மீ. ஓட்டைகள் ரெண்டு ஓரத்துலயும் வரிசையா போட்டேன். மேல பாரத்துக்கு மண்ணியல் பாடப் புத்தகம் ரெண்டு. படிச்சதை விட இப்பத்தான் அதுக்கு நல்ல உபயோகம்.

மாத்தற அன்னைக்கு குளியலறையில வெச்சுத்தான் எல்லாம். கதவு இடுக்குல துண்டு. ஓடிட்டாலும் ஒளியறதுக்கு இடம் கிடையாது. பெரிய பிளாஸ்டிக் டப்பால பழைய தொட்டிய இறக்கி, ஒரு தெளிவான டப்பாவை அவ மேல கவுத்து, அடியில அட்டையைச் செருகி எடுத்தேன். நீளமான பெயிண்ட் பிரஷ்ஷால பின்னங்காலை லேசா தொட்டா முன்னாடி நகருவா, அவசரப்படுத்தினா திரும்புவா. இவளுக்கு அமெரிக்கக் கண்டத்து ரகங்கள் மாதிரி உதிர்க்கற அரிப்பு முடி கிடையாது, அதனால நேரா கடிதான். டாரன்டுலா கடிச்சு ஆள் செத்ததா உறுதியான பதிவு இல்ல. ஆனா இந்த ஆசிய ரகங்கள் கடிச்சா நல்ல வலி, பல நாள் தசைப்பிடிப்பு இருக்கும். கையில எடுத்து போட்டோ பிடிக்கற வேலையெல்லாம் இவகிட்ட ஆகாது.

மீன் தொட்டிக்குள்ள டப்பாவை ஓட்டைப் பக்கமா சாய்ச்சு வெச்சேன். ஒரு காலை நீட்டி மண்ணைத் தொட்டா. இன்னொரு காலு. ஓட்டையோட விளிம்பைத் தடவினா. அடுத்த நொடி ஆள் இல்ல. அவ்வளவு வேகம்.

மறுநாள் காலையில வாசல்ல சின்னச் சின்ன மண் உருண்டை. இது எப்படித் தோண்டும்னா, விஷப்பல்லால மண்ணைக் கொத்தி, தாடையாலயும் முன் ரெண்டு குட்டைக் காலாலயும் உருண்டை பிடிச்சு, இழை சுத்தி, தூக்கிட்டு வந்து வெளிய போடும். பழையபடி உள்ள போகும். ஒவ்வொரு நடையா. நாலு நாள்ல எனக்கு வெச்ச மாதிரி தண்ணிக் கிண்ணம் நிறைய மண்ணைக் கொட்டி வெச்சிருந்தா. கழுவி வெச்சேன், மறுபடி கொட்டினா. அஞ்சாவது தடவை கிண்ணத்தையே இடம் மாத்திட்டேன். கண்ணாடி ஓரமா கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கேன். ராத்திரி லேசா தூக்கிப் பாத்தா, சுரங்கம் அடி வரைக்கும் போய் அங்க ஒரு அறை மாதிரி திரும்பியிருக்கு. சுவர் பூரா வெள்ளை இழை பூசியிருக்கா. அந்தப் பூச்சுதான் மண்ணு உதிராம பிடிக்குது, வாசல்ல யார் கால் வெச்சாலும் அதிர்வை உள்ள கொண்டு போய் சேர்க்குது.

"சாத்தான்" எங்க போச்சுன்னு கேட்டா, இந்த ரெண்டு வாரத்துல ஒரு தடவை கூட காலைத் தூக்கல. மூடியத் திறந்தா சத்தம் கேட்டு உள்ள போயிடறா, அவ்வளவுதான். பக்கத்து ரூம் பொண்ணு வந்து தொட்டியப் பாத்துட்டு, "மூணு வாரமா நீ ஒரு ஓட்டையத்தான் வளக்கற போல"ன்னு சொன்னா. வளக்கறவங்களே இதுகளை 'பெட் ஹோல்'னுதான் கிண்டலா சொல்றாங்க. விருந்தாளிக்குக் காட்டறதுக்காக வளக்கறவங்களுக்கு இது ஒத்து வராது. நடுராத்திரி தீசிஸ் டைப் பண்ணிட்டு இருக்கறப்ப, வாசல்ல நாலு நீலக் கால் நுனி மட்டும் தெரியும். எனக்கு அது போதுமா இருக்கு.

சாப்பாடு வாரம் ஒரு கரப்பான். வாசலை மண்ணாலயும் இழையாலயும் அடைச்சுட்டா தோலுரிக்கப் போறான்னு அர்த்தம். மாசக்கணக்கா அடைச்சு வெச்சிருந்தாலும் தோண்டிப் பாக்கக் கூடாது. உரிச்ச உடனே பல்லு கூட மெத்துன்னு இருக்கும், அப்ப உள்ள கரப்பான் இருந்தா இவளைத் தின்னுடும். பொண்ணுன்னு தெரிஞ்சதும் போன தடவை உரிச்ச தோலை வெச்சுத்தான். வயித்துப் பக்கத்துத் தோலை நனைச்சு விரிச்சு, உள்பக்கம் விந்துப்பை அச்சு இருக்கான்னு பாத்தா போதும். அந்தப் பையன் அதை ஒரு டப்பால பத்திரமா வெச்சிருந்தான்.

பொண்ணுங்கறதுலதான் என் தூக்கம் போச்சு. ஆண்னா சில வருஷம். பொண்ணுங்க இந்த ரகத்துல இருபது வருஷம் வரைக்கும் போகும். மேற்கு ஆஸ்திரேலியாவுல பார்பரா யார்க் மெயின்னு ஒரு ஆய்வாளர் 1974-ல் இருந்து மூடி வளைச் சிலந்திகளைப் பாத்துட்டு வந்தாங்க. டாரன்டுலாவுக்கு தூரத்துச் சொந்தம். அதுல 16-ம் நம்பர் போட்ட பொண்ணு 2016-ல் தான் செத்துச்சு, குளவி கொட்டி. 43 வயசு. அத்தனை வருஷமும் ஒரே வளை. குட்டியா இருந்தப்ப தானே தோண்டின வளையையே பெருசாக்கிப் பெருசாக்கி அங்கயே வாழ்ந்து முடிச்சிருக்கு.

எனக்கு விசா இன்னும் ரெண்டு வருஷம். அதுக்குள்ள நானே மூணு வீடு மாறியாச்சு, வளை கிளை எதுவும் தோண்டல. நீலாம்பரிக்கு நாலு வயசு இருக்கும்னு அவன் சொன்னான். நான் கிளம்பறப்ப இவளை யார்கிட்டயாவது குடுக்கத்தான் போறேன், விமானத்துல எனக்கும் அதே கதைதான். குடுக்கறப்ப இந்தச் சுரங்கத்தை இடிச்சுத்தான் ஆகணும். 30 கிலோ மண்ணை வண்டியில ஏத்திக் குலுக்கினா உள்ள அவ மேலயே கூரை விழும். அதனால இப்பவே ஆள் தேட ஆரம்பிச்சிருக்கேன், சீக்கிரம் ஊர் மாறாத ஆளா. எங்க டிபார்ட்மென்ட் லேப் டெக்னீஷியன் ஒருத்தர், சொந்த வீடு, 22 வருஷமா இதே ஊர்ல இருக்கார். பல்லி வளக்கறார். பேச்சு வாக்குல போட்டு வெச்சேன். "தொட்டி எங்கிட்ட இருக்கு, மண்ணு கணக்கை மட்டும் எழுதிக் குடும்மா"ங்கற மாதிரி சொன்னார்.

எழுதிட்டேன். தொட்டி ஓரத்துல மார்க்கர்ல: 5, 3, 1, 1. அடியில தண்ணி. அடியில சூடு வேண்டாம். கட்டின தேதி. கடைசியா தோலுரிச்ச தேதி.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு ஊர்ல வயக்காட்டு வரப்புல இருக்கற வளையெல்லாம் தோண்டிப் பாக்காதீங்க மக்களே. 2004-ல் ராமேஸ்வரத்துல கண்டுபிடிச்சு அனுமார் கோயில் பேர் வெச்ச டாரன்டுலா ஒண்ணு இருக்கு, பொசிலோதீரியா அனுமவிலாசுமிகா. அது மரப்பொந்து ரகம், அழியற நிலையில இருக்கு. நம்ம ஊர்ல இருக்கறது அங்கயே இருக்கட்டும்.

அடுத்த ஞாயிறு வழக்கம் போல சமையல். புட்டு. கை பழகிடுச்சு. வர்ட்டா?